பக்கவாத நோயாளியின் போஸ்ச்சரை அளக்க எது போதும்? கண், செல்போன் படம், ஏஐ செயலி, டெப்த் கேமரா: ஓர் ஒப்பீடு

வீடு வீடாகச் சென்று பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நோயாளி எவ்வளவு சாய்ந்து உட்காருகிறார், சென்ற மாதத்தைவிட எவ்வளவு நேராகியிருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதினால் போதுமா, கையிலிருக்கும் செல்போனில் படம் எடுத்து அளக்கலாமா, அல்லது ஏஐ செயலி, தூரத்தையும் சேர்த்துப் பதியும் டெப்த் கேமரா என்று பணம் போடத்தான் வேண்டுமா என்பதே அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு இந்தக் கேள்விக்கு வலு கூடியிருக்கிறது. ஏனென்றால் நாம் போகும் வீடுகளில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது, கட்டம் போட்ட பலகை கிடையாது. பையில் ஒரு செல்போன் மட்டும் இருக்கிறது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆனால் கருவியின் விலை ஏறினால் அளவின் துல்லியமும் ஏறும் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறவர்கள் தவறான இடத்தில் செலவு செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிழை பெரும்பாலும் கேமராவுக்குள் இருப்பதில்லை. கேமராவை வைத்த மேசையிலும், நோயாளி உட்கார்ந்த ஸ்டூலிலும், நாம் கேட்ட கேள்வியிலும்தான் இருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நாம் எதை அறிய விரும்புகிறோம் என்பது. ‘போஸ்ச்சர் சரியில்லை’ என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் குறைந்தது நான்கு தனிச் செய்திகள் அடங்கியிருக்கின்றன. தலை, தோள், உடற்பகுதி, இடுப்பு ஆகியவை எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பது வடிவம். இரண்டு கால்களிலும் எவ்வளவு எடை விழுகிறது என்பது பாரம். கையை நீட்டும்போதும் எழும்போதும் அந்த வடிவம் எப்படி மாறுகிறது என்பது அசைவு. தசை வலுவின்மையா, இறுக்கமா, உணர்விழப்பா, ஒரு பக்கத்தையே கவனிக்காத நிலையா என்பது காரணம். கேமரா முதல் செய்தியை நன்றாகவும் மூன்றாவதை ஓரளவும் சொல்லும். இரண்டாவதையும் நான்காவதையும் எந்த விலைக் கேமராவும் சொல்லாது.

இரண்டாவது, பிழைக்கும் மாற்றத்துக்கும் உள்ள விகிதம். ஒரு மாதப் பயிற்சியில் நோயாளியின் சாய்வு 3 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் அளக்கும் முறையே 4 டிகிரி முன்பின்னாகச் சொல்லக்கூடியது என்றால், அந்த 3 டிகிரிக்குப் பொருளே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. பத்து நோயாளிகளை, ஒரே நாளில், இரண்டு முறை அளந்து பாருங்கள். இடையில் அவர்களை எழுப்பி மறுபடி உட்கார வைத்து, ஒட்டிய அடையாளங்களையும் பிய்த்து மறுபடி ஒட்டுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தை (அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவை) 1.96 ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கைக்கும் உங்கள் கருவிக்கும் உரிய எல்லை. திட்ட விலக்கம் 2 டிகிரி என்றால் எல்லை ஏறத்தாழ 4 டிகிரி. அதற்குக் குறைவான மாற்றத்தை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. எந்தக் கருவியை வாங்கினாலும் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, இடமும் ஆளும். பத்தடிக்குப் பத்தடி அறையில் கட்டிலும் பீரோவும் போக மூன்று மீட்டர் தூரம் கிடைக்குமா, நோயாளி எவ்வளவு நேரம் தாங்குவார், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் இதில் அடங்கும். நான்காவது, ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம். ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை: எடுத்த படங்கள் யார் கையில் தங்கும், இன்று வாங்கும் கருவி மூன்று ஆண்டு கழித்தும் வேலை செய்யுமா என்பது.

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| கண், கை, மதிப்பெண் அட்டவணை | காரணம், செயல்திறன், பாதுகாப்பு | சிறு கோண மாற்றம் | ஆள் மாறினால் மதிப்பெண் மாறும் |
| ஸ்டாண்டில் வைத்த செல்போன் படம் | அசையாத நிலையின் கோணங்கள் | பாரம், முறுக்கம் | ஆடை விலக்கல், அமைக்கும் நேரம் |
| காணொளியும் ஏஐ குறிக்கும் மூட்டுப் புள்ளிகளும் | அசைவின் போக்கு, நேரம் | இடுப்பின் உண்மை நிலை | தவறான புள்ளிகளைத் தேடித் திருத்தும் நேரம் |
| டெப்த் கேமரா | முன்பின் தூரம், முறுக்கம் | பாரம், சிறு கோணம் | மடிக்கணினி, நிறுத்தப்பட்ட தயாரிப்பு |

கண்ணும் கையும் மதிப்பெண் அட்டவணையும்

கேமராக்களுக்கு முன்னால் இதை வைப்பதற்குக் காரணம், எந்தக் கேமராவும் இதற்கு மாற்றாகாது என்பதே. 1989இல் கனடாவில் உருவான பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள், 56 மதிப்பெண்கள். பக்கவாத நோயாளிகளுக்கென்றே 1999இல் வந்த பாஸ் அளவுகோலில் 12 செயல்கள், 36 மதிப்பெண்கள். உடற்பகுதியை மட்டும் நுணுகிப் பார்க்கும் டிரங்க் இம்பேர்மென்ட் ஸ்கேல் 2004இல் வந்தது. அதற்கு 23 மதிப்பெண்கள். நிற்கவே முடியாத நோயாளியிடம் பெர்க்கைத் தொடங்கினால் மதிப்பெண் அடிமட்டத்திலேயே கிடக்கும். அத்தகையவர்களுக்குப் பாஸ் பொருத்தம். படுக்கையில் புரள்வதிலிருந்தே அது கணக்கெடுக்கிறது.

கையால் தொட்டுப் பார்ப்பதன் மதிப்பைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட தோள் படத்தில் தாழ்ந்து தெரிகிறது என்றால், தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா, தோள்பட்டை எலும்பே சரிந்திருக்கிறதா, உடற்பகுதி முழுவதும் அந்தப் பக்கம் மடிந்திருக்கிறதா என்பதைப் படம் பிரித்துச் சொல்லாது. தோள் நுனி எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் இடையில் விரலை வைத்து, ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவருக்கு அது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதன் குறை, நினைவை நம்பியிருப்பது. ‘இடது பக்கம் லேசாகச் சாய்கிறார்’ என்று நான் எழுதிய குறிப்பை, எனக்குப் பதிலாக அடுத்த மாதம் போகும் இன்னொருவர் எப்படி எடுத்துக்கொள்வார்? மதிப்பெண் அட்டவணையிலும் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நடக்கும் மெதுவான முன்னேற்றம் தென்படாமலே போய்விடுகிறது. முதல் இரண்டு வாரங்களில், நோயாளியின் நிலை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும்போது, இது ஒன்றே போதும். அதன் பிறகு, மாற்றம் மெதுவாகும் மாதங்களில், படம் தேவைப்படத் தொடங்குகிறது.

ஸ்டாண்டில் நிறுத்திய செல்போனும் தூக்குக்குண்டும்

பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தேவைப்படுபவை ஒரு செல்போன், உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்டாண்டு, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு, ஓர் அளவு நாடா, கொஞ்சம் ஸ்டிக்கர் பொட்டு. கோணத்தை அளக்க, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் கினோவியா அல்லது இமேஜ்ஜே மென்பொருள் போதும்.

செல்போன் கேமராவின் நுணுக்கம் பற்றிக் கவலையே வேண்டாம். நெட்டுவாக்கில் 1920 புள்ளிகள் கொண்ட படத்தில் 2.4 மீட்டர் உயரம் அடங்குகிறது என்றால் ஒரு புள்ளி 1.25 மில்லிமீட்டர். அதே சமயம், இரண்டு தோள் நுனிகளுக்கும் இடையே 36 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்கு, ஒரு தோளின் பொட்டை 1 சென்டிமீட்டர் கீழே ஒட்டிவிட்டால் தோள் சாய்வில் 1.6 டிகிரி பிழை வந்துவிடுகிறது. ஆகவே விலை கூடிய போன் வாங்குவதைவிட, தோள் நுனி எலும்பை விரலால் சரியாகத் தேடிப் பிடித்து ஒட்டப் பழகுவதே பெரிய லாபம். மாநிறத்துக்குப் பளிச்சென்று தெரியும் வெளிர் நிறப் பொட்டு நல்லது. பொட்டு வேண்டாம் என்னும் ஆண்களுக்கு, காயத்துக்கு ஒட்டும் வெள்ளைக் காகித டேப்பைச் சிறு வட்டமாக வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது கேமராவின் உயரம். பாதிக்கப்பட்ட பக்கத் தோள் பல நோயாளிகளுக்குப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தவரின் தோள் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செல்போனை 70 சென்டிமீட்டர் உயர மேசையில் 3 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம், பாதிக்கப்பட்ட தோள் மற்றதைவிட 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தோள்களும் உண்மையில் ஒரே மட்டத்தில் இருந்தாலும், பின்னால் இருக்கும் தோள் படத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். அதாவது இல்லாத ஒன்றரை டிகிரி சாய்வைப் படம் காட்டும். கேமராவைத் தோள் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் இந்தப் பிழை அற்றுப்போகும். ஆகவே எந்தக் கோட்டை அளக்கிறோமோ அந்தக் கோட்டின் உயரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுப்பது தொல்லைதான். ஆனாலும் ஒரே படத்தில் எல்லாவற்றையும் அளக்க ஆசைப்படுவதைவிட அது மேல்.

தூக்குக்குண்டு ஏன் என்பதை ஒரு வீட்டில் கற்றேன். இடது பக்கம் செயலிழந்த, அறுபதைக் கடந்த ஓர் அம்மாவுக்கு முதல் இரண்டு படங்களையும் கூடத்தில் வைத்து எடுத்தேன். சாய்வு 6 டிகிரி. மூன்றாவது முறை மின்சாரம் இல்லாததால் வெளிச்சத்துக்காக வராந்தாவில் உட்கார வைத்து எடுத்தேன். நான்கரை டிகிரி என்று வந்தது. குறைந்திருக்கிறது என்று சொன்னதும் அவர் மருமகள் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூடத்தில் எடுத்தால் 6 டிகிரி. அந்த வராந்தாவிலேயே நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு வெறும் இடத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். நூல் படத்தின் ஓரத்தோடு ஒட்டிப் போகவில்லை. மழைநீர் வடிய வராந்தாத் தரையை நான்கடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அது ஏறத்தாழ 1.2 டிகிரி. தரை சாய்ந்ததால் ஸ்டாண்டும் அதே பக்கம் சாய்ந்து, முன்னேற்றம் என்று நான் சொன்னதில் பெரும்பகுதி தரையின் வாட்டமாகிவிட்டது. அந்த மருமகளிடம் சென்று நான் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் நோயாளிக்குப் பக்கத்தில் குண்டு தொங்கும். கோணத்தைப் படத்தின் ஓரத்திலிருந்து எடுக்காமல் அந்த நூலிலிருந்தே எடுக்கிறேன்.

செல்போனின் சில வசதிகள் இந்த வேலைக்குத் தொந்தரவானவை. அகலக் கோணமான 0.5 அளவில் எடுத்தால் ஓரங்கள் வளையும். 1 அல்லது அதற்கு மேல் வைத்துப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். படத்தைத் தானாக நிமிர்த்தும் வசதியை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் நாம் அளக்க வந்த சாய்வையே அது அழித்துவிடக்கூடும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் இடமும் வலமும் மாறிப் பதியும். பாதிக்கப்பட்ட பக்கம் எது என்பதே மருத்துவச் செய்தியாக இருக்கும் ஒரு நோயில் இது சிறிய தவறு இல்லை.

கேமராவைப் பார்த்ததும் எவரும் சற்று நிமிர்ந்து உட்காருவார். “நேரா உட்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு எடுத்தால் நாம் அளப்பது அவருடைய முயற்சியை; “எப்பவும் போல இருங்கம்மா” என்று சொல்லி, பேச்சுக் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்து எடுத்தால் அளப்பது அவருடைய பழக்கத்தை. இரண்டுமே பயனுள்ளவை, ஆனால் இந்த மாதம் ஒன்றையும் அடுத்த மாதம் மற்றதையும் எடுத்து ஒப்பிடக் கூடாது. பயிற்சிக்கு முன்பா, பின்பா, காலையா, மாலையா என்பதும் அப்படியே. அதே ஸ்டூல், பாதங்கள் தரையில் படும் அதே உயரம், அதே நேரம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு பணம் அல்ல. முதுகும் தோளும் தெரிய ஆடையை விலக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் நோயாளிகளிடம் பின்புறமிருந்து எடுப்பது பெரும்பாலும் எளிது. முதுகு இறங்கிய ரவிக்கை இருந்தாலே கழுத்தடியில் துருத்தும் எலும்பையும் தோள் மட்டத்தையும் காண முடியும். அமைக்க, ஒட்ட, எடுக்க, பிறகு கணினியில் அளக்க என்று ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் எடுக்காமல் மாதம் ஒரு முறை எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

காணொளியும் ஏஐ புள்ளிகளும்

மனித உடலின் மூட்டுகளைப் படத்திலிருந்து தானாகக் கண்டறியும் மென்பொருள்கள் இப்போது செல்போனிலேயே ஓடுகின்றன. கூகுள் வெளியிட்ட மீடியாபைப் 33 புள்ளிகளைத் தருகிறது. இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஓபன்போஸ் ஆராய்ச்சிக்கு இலவசம். கட்டணம் வாங்கும் கிளினிக்கில் பயன்படுத்த உரிமம் தனியே வாங்க வேண்டும். கடையில் விற்கும் பல போஸ்ச்சர் செயலிகள் இப்படிப்பட்ட ஏதோ ஒரு மென்பொருளின் மேல் அழகான முகப்பைப் போர்த்தியவைதான். சந்தா கட்டுவதற்கு முன், உள்ளே இருப்பது எது, காணொளி போனிலேயே கணக்கிடப்படுகிறதா, வெளியே அனுப்பப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொட்டு ஒட்ட வேண்டாம், இருபது நிமிடம் வேண்டாம், எண் உடனே வருகிறது. இந்த ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த மென்பொருள்கள் பயின்றவை பெரும்பாலும் நல்ல உடல்நலம் உள்ளவர்களின் படங்களில். சேலைக்குள்ளும் நைட்டிக்குள்ளும் லுங்கிக்குள்ளும் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதை அவை பார்ப்பதில்லை, ஊகிக்கின்றன. பக்கவாதத்தில் சரிந்திருக்கும் இடுப்பை, வழக்கமான இடத்தில் இருப்பதாகவே ஊகித்துவிடும் வாய்ப்பு உண்டு. மகன் பின்னால் நின்று தாங்கிப் பிடித்திருந்தால் அவர் கையைத் தாயின் கையாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. உடற்பகுதி என்பது இவற்றுக்குத் தோள்களின் நடுவையும் இடுப்பின் நடுவையும் இணைக்கும் ஒரு நேர்கோடு மட்டுமே. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருப்பதும், வளையாமல் மொத்தமாகச் சாய்ந்திருப்பதும் அந்தக் கோட்டில் ஒன்றாகிவிடும். நமக்கோ அவை இரண்டும் வெவ்வேறு சிகிச்சை.

சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மீடியாபைப் தரும் ஆயங்கள் படத்தின் அகலத்தாலும் உயரத்தாலும் தனித்தனியே வகுக்கப்பட்டவை. அவற்றை மறுபடி பெருக்காமல் நேரடியாகக் கோணம் கண்டால், 1080க்கு 1920 அளவுள்ள நெட்டுவாக்குக் காணொளியில் 5 டிகிரித் தோள் சாய்வு 2.8 டிகிரியாகக் குறைந்துவிடும். எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

காணொளியில் நொடிக்கு 30 சட்டகங்கள் (தனிப் படங்கள்) என்றால் பத்து நொடியில் 300 அளவுகள் கிடைக்கின்றன. சராசரி எடுத்தால் புள்ளிகளின் நடுக்கம் அடங்கும். ஆனால் ஆடை மறைத்ததால் ஒரே பக்கமாக வரும் பிழை சராசரியில் கரையாது. அமைதியாக நிற்கும் ஒருவரின் உடலாட்டம் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருப்பதால், அதை இந்தப் புள்ளிகளைக் கொண்டு அளப்பதாகச் சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை.

காணொளி உண்மையில் வெல்வது அசைவில். நாற்காலியிலிருந்து எழும்போது எந்தக் கணத்தில் நல்ல காலின் பக்கம் சரிகிறார், முன்னால் இருக்கும் டம்ளரை எட்டி எடுக்கும்போது எவ்வளவு தூரத்தில் தடுமாறுகிறார், உட்கார்ந்து எத்தனையாவது நிமிடத்தில் சரியத் தொடங்குகிறார் என்பதெல்லாம் ஒற்றைப் படத்தில் அகப்படாது. இதற்கு ஏஐ கூட வேண்டியதில்லை. ஸ்டாண்டில் வைத்து எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நோயாளி நன்றாக நடமாடத் தொடங்கி, சட்டை கால்சட்டை போன்ற உடலோடு ஒட்டிய ஆடை அணிபவராகவும் இருந்தால், ஏஐ புள்ளிகள் அங்கே நேரத்தை மிச்சப்படுத்தும்.

டெப்த் கேமரா

ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பதிவதே டெப்த் கேமரா. 2010இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கைனெக்ட்தான் மறுவாழ்வு ஆய்வுகளில் இதைப் பரவலாக்கியது. 2013இல் வந்த இரண்டாம் தலைமுறை 25 மூட்டுகளைக் கண்டறிந்தது. ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு அரை மீட்டரிலிருந்து நாலரை மீட்டர் வரை தூரம் அளந்தது. மேலே சொன்ன, பின்னால் இழுத்துக்கொண்ட தோளின் பிழை இங்கே இல்லை. முன்பின் தூரமே தெரிவதால் உடல் முறுக்கமும் தெரிகிறது. இது உண்மையான பலன்.

ஆனால் விளையாட்டுக்காக, எதிரே நின்று கையசைப்பவரைக் காண வடிவமைக்கப்பட்ட கருவி அது. சக்கர நாற்காலியில் சாய்ந்திருக்கும் உடலை நாற்காலியிலிருந்து பிரிப்பதில் தடுமாறும். ஜன்னல் வழியாக வெயில் அடித்தாலோ கறுப்புத் துணி அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சினாலோ தூர அளவில் ஓட்டைகள் விழும். மின்இணைப்பு, நல்ல மடிக்கணினி எல்லாம் உடன் தூக்கிச் செல்ல வேண்டும். இவற்றைவிடப் பெரிய செலவு, ஆயுள். கைனெக்ட் தயாரிப்பு 2017இல் நின்றது. அதன் பிறகு 2019இல் வந்த அஸூர் கைனெக்டும் 2023இல் நிறுத்தப்பட்டது. கருவியை மாற்றினால் மூட்டுப் புள்ளிகளின் வரையறையும் மாறுகிறது. பழைய நோயாளிகளின் எண்களைப் புதிய கருவியின் எண்களோடு ஒப்பிட முடியாமல் போகிறது. ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் மறுவாழ்வு மையம், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், முறுக்கத்தையோ கையை எட்டும் பயிற்சியையோ குறிப்பாகத் தொடரும் திட்டம், இவை மூன்றும் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஓபன்கேப், இரண்டு ஐபோன்களும் ஒரு சதுரங்கக் கட்ட அட்டையும் கொண்டு முப்பரிமாண அசைவைக் கணக்கிடுகிறது. கல்விசார் ஆய்வுக்கு இலவசம். காணொளி இணையம் வழியே அவர்களுடைய சர்வருக்குச் சென்றுதான் கணக்கிடப்படும் என்பதால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

கேமரா சொல்லாத பாரத்துக்கு

இரண்டு எடை மெஷின்கள் வாங்குங்கள். முள் நகரும் பழைய வகைதான் இதற்கு நல்லது, ஏனென்றால் டிஜிட்டல் மெஷின் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு உறைந்துபோகும். ஒரே உயரமுள்ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாதத்துக்கும் ஒன்றாக நிற்கச் செய்யுங்கள். இரண்டின் கூட்டல் மொத்த எடைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் நோயாளி எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார். படத்தில் தோள்கள் நேராகத் தெரியும் ஒருவர், அறுபது கிலோவில் நாற்பதுக்கும் மேல் நல்ல காலில் போட்டு நிற்பதை இப்படித்தான் கண்டிருக்கிறேன். கேமரா வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்கு என்பது என் கருத்து.

படத்தை யார் வைத்திருப்பது

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாக வைக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே இது நம் கடமை. பேச்சிழந்த நோயாளிக்குப் புரிதல் இருக்கலாம். மகனிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பதால் அந்த அம்மாவிடம் கேட்காமல் இருக்கக் கூடாது. எடுக்கப்போகும் படத்தின் மாதிரி ஒன்றைக் காட்டி, தலையசைப்பிலாவது சம்மதம் பெற வேண்டும். போன் படங்களைத் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ‘முன்பு, பின்பு’ என்று போடாதீர்கள். கோணத்தை அளக்க முகம் தேவையில்லை என்றால் கழுத்துக்குக் கீழே வெட்டிச் சேமிப்பதே நல்லது.

யாருக்கு எது

வீடு வீடாகச் செல்பவருக்குப் பாஸ் அட்டவணை, மாதம் ஒரு செல்போன் படம், இரண்டு எடை மெஷின்கள். சிறிய கிளினிக் நடத்துபவருக்கு இவற்றோடு சுவரில் நிலையான ஓரிடம்: தரையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஸ்டூலின் கால்களுக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கும் பெயின்ட் அடையாளம் போட்டுவிட்டால் அமைக்கும் நேரம் பாதியாகும். எழுந்து நடக்கத் தொடங்கியவர்கள் அதிகம் வரும் இடத்தில் காணொளியைச் சேர்க்கலாம்.

தள்ளும் இயல்பு உள்ள நோயாளிகள், அதாவது நல்ல கையாலேயே தங்களைச் செயலிழந்த பக்கம் தள்ளிக்கொள்பவர்கள், தனி வகை. அவர்கள் சாய்ந்திருப்பதைக் காண எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் மூளை பாதித்த பக்கம், அதாவது செயலிழந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம், ஏறத்தாழ 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் தங்கள் உடல் நேராக இருப்பதாக அவர்கள் உணர்கிறார்கள் என்று 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்நாத் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். கண்ணால் பார்த்து நேர்க்கோட்டை அறியும் திறனோ அவர்களிடம் பெரும்பாலும் கெடாமல் இருந்தது. ஆகவே அவர்களிடம் படம் அளவீடாக இருப்பதைவிடச் சிகிச்சையாகவே அதிகம் உதவுகிறது. கதவு நிலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்த படத்தை உடனே அவர்களிடம் காட்டி, நிலைக்கும் உங்கள் உடலுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று கேட்கலாம். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள், வீட்டார் எடுத்து அனுப்பும் படத்தை வைத்து முன்னேற்றம் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். உட்கார்ந்த நிலையில், அதே ஸ்டூல், அதே இடம், பின்னால் கதவு நிலை தெரியும்படி எடுத்தால் போக்கு தெரியும். எண்ணாக அளக்க வேண்டாம். எடுப்பவர் ஒருவர், நோயாளியின் வலுவிழந்த பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் இன்னொருவர் என்று இருவர் வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத வீட்டில் நின்ற நிலைப் படம் எடுக்கவே கூடாது.